தீக்காயம் பட்டவரின் ரத்தப் பரிசோதனைத் தாளைப் படிப்பது எப்படி

கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்தோ, முந்தானையில் தீப் பற்றியோ, பட்டறையில் வேலை செய்யும்போதோ தீக்காயம் அடைந்த ஒருவரைக் காசிமேட்டிலிருந்தோ வியாசர்பாடியிலிருந்தோ ஸ்டான்லி மருத்துவமனைக்கோ கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கோ கொண்டு சேர்த்த பிறகு, உடன் இருப்பவரின் கையில் நான்கைந்து நாட்களுக்குள் ரத்தப் பரிசோதனைத் தாள்கள் சேர்ந்துவிடுகின்றன. வடசென்னையில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் பணிபுரிந்த எனக்கு, அந்தத் தாளை வாங்கிக்கொண்டவர்கள் கேட்கும் கேள்வி பழகிப்போன ஒன்று: “வெள்ளை அணு பதினஞ்சாயிரம் இருக்குதே, அப்போ எதிர்ப்புச் சக்தி நல்லாத்தானே இருக்குது?” அந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதையும், அந்தத் தாளில் எதைப் பார்க்க வேண்டும், எதைக் குறித்து வைத்து மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் வேலை. மருந்தை மாற்றவோ நிறுத்தவோ இது யாருக்கும் அனுமதி அளிக்கவில்லை.

முதலுதவியைப் பற்றிச் சுருக்கமாக ஒரு சொல். காயம் பட்டவுடன் குளிர்ந்த, ஆனால் பனிக்கட்டி போடாத நீரை 20 நிமிடங்கள் காயத்தின்மேல் ஓடவிட வேண்டும். குழாயில் தண்ணீர் வராத நேரமானால் டிரம்மில் பிடித்து வைத்த சுத்தமான நீரைக் குவளையால் மெதுவாக ஊற்றிக்கொண்டே இருக்கலாம். காயம் பெரிதாக இருந்தால் அல்லது பட்டது குழந்தையானால், உடம்பின் மற்றப் பகுதிகள் சில்லிட்டுவிடாமல் போர்த்திவைக்க வேண்டும். பேனா மை, இட்லி மாவு, பற்பசை, மஞ்சள் ஆகிய எதையும் பூசக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். காயம் எவ்வளவு ஆழமாகவும் பரப்பாகவும் இருக்கிறதோ அவ்வளவுக்கு இனிச் சொல்லப்போகும் மாற்றங்களும் கடுமையாக இருக்கும் என்பதால், அந்த 20 நிமிடங்கள் ரத்தத்துக்குச் செய்யும் உதவியும் ஆகும். பரப்பைத் தோராயமாக அறிய, காயம் பட்டவருடைய விரல்கள் சேர்ந்த ஒரு கைப்பரப்பு அவர் உடம்பில் 1 சதவீதம் என்று கணக்கிடுகிறார்கள்.

எலும்புக்குள் நடப்பது

வெள்ளை அணுக்கள் உருவாகும் இடம் எலும்பு மஜ்ஜை. அங்குள்ள குருத்தணுக்கள், அதாவது ஸ்டெம் செல்கள், படிப்படியாகப் பிரிந்து, முதலில் எதுவாகவும் ஆகக்கூடிய முன்னோடி அணுக்களாகவும், பிறகு ஒரே வழியில் மட்டும் செல்லக்கூடிய அணுக்களாகவும் மாறுகின்றன. அவ்வழிகளில் இரண்டு நமக்கு முக்கியமானவை. ஒன்று நியூட்ரோஃபில், கிருமி நுழைந்த இடத்துக்கு முதலில் ஓடிச் சென்று அதை விழுங்கி அழிக்கும் அணு. மற்றொன்று மோனோசைட், திசுக்களுக்குள் சென்று மேக்ரோஃபேஜாக மாறி, கிருமிகளையும் இறந்த செல்களையும் அகற்றுவதோடு, அழற்சியை, அதாவது உடம்பு காயத்தையோ கிருமியையோ எதிர்க்கும்போது உண்டாகும் சூட்டையும் வீக்கத்தையும், தூண்டும் வேதிப்பொருள்களையும் சுரக்கும் அணு. இரண்டும் ஒரே முன்னோடி அணுவிலிருந்து பிரிகின்றன. நியூட்ரோஃபிலின் ஆயுள் மிகக் குறைவு என்பதால், நலமாக இருக்கும் ஒருவருடைய மஜ்ஜை நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறது.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடைகளுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் ஒரு பட்டறையைக் கண்டவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வெட்டும் மேசைக்கு வரும்வரை துணி சட்டையாகவும் ஆகலாம், கால்சட்டையாகவும் ஆகலாம். கத்தரி பட்ட பிறகு மாற்ற முடியாது. தீபாவளி நெருக்கத்தில் கடையிலிருந்து ஆள் மேல் ஆள் அனுப்பினால், முதலில் அலமாரியில் மடித்து வைத்திருந்த சரக்கு போகும். அடுத்து, பொத்தான் தைக்காத துணிகளும் மூட்டையில் ஏறிவிடும். தீக்காயம் பட்டவுடன் மஜ்ஜையில் நடப்பதும் இதுதான். மஜ்ஜையில் சேமிப்பாக இருந்த முதிர்ந்த நியூட்ரோஃபில்கள் முதல் சில மணி நேரத்தில் ரத்தத்துக்குள் கொட்டப்படுகின்றன. அதனால் மொத்த எண்ணிக்கை திடீரென உயர்கிறது. தேவை தொடர்ந்தால் முழுமையாக முதிராத நியூட்ரோஃபில்களும் வெளியே வருகின்றன. ஆய்வகத் தாளில் ‘பேண்ட் செல்’ என்ற பெயரில் இவை வரும். இவை 10 சதவீதத்தைத் தாண்டினால் மருத்துவர்கள் கவனிக்கிறார்கள். ஆகவே காயம் பட்ட அன்றே வரும் பதினைந்தாயிரம் என்ற எண், அலமாரி காலியாகிக்கொண்டிருப்பதைத்தான் பெரும்பாலும் காட்டுகிறது.

இனி வருவதுதான் தீக்காயத்துக்கே உரிய சிக்கல். சாதாரணக் கிருமித் தொற்றின்போது மஜ்ஜை நியூட்ரோஃபில் உற்பத்தியைப் பெருக்கிக்கொள்கிறது, ஜி-சி.எஸ்.எஃப். என்ற புரதம் அதற்கான ஆணையை எடுத்துச் செல்கிறது. ஆனால் பெரிய தீக்காயத்தின்மேல் கிருமித் தொற்றும் சேரும்போது, வெட்டும் மேசையிலேயே கத்தரி வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. அமெரிக்காவின் லயோலா பல்கலைக்கழகத்தில் எலிகளைக் கொண்டு செய்து 2001-இல் வெளியான ஆய்வு, தீக்காயத்தோடு தொற்றும் சேர்ந்த எலிகளின் மஜ்ஜையில் முன்னோடி அணுக்கள் நியூட்ரோஃபில் வழியை விட்டு மோனோசைட் வழியில் சாய்வதைக் காட்டியது. அதாவது கிருமியை அழிக்க முதலில் ஓட வேண்டிய படை எந்த நேரத்தில் மிகவும் தேவையோ அந்த நேரத்தில் அதன் உற்பத்தி குறைகிறது; அழற்சியைத் தூண்டும் அணுக்களின் உற்பத்தியோ கூடுகிறது. கிருமி பெருகுவதும், உடம்பு தன் அழற்சியாலேயே தன் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் வருத்திக்கொள்வதும் ஒரே நேரத்தில் நடப்பதற்கு இது ஒரு காரணம்.

இந்தச் சாய்வுக்குப் பின்னால் நரம்புகளுக்கும் பங்கு உண்டு. மஜ்ஜைக்குள் செல்லும் நரம்பு முனைகளிலிருந்து, நெருக்கடியில் உடம்பை முடுக்கிவிடும் நார்-எபிநெஃப்ரின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. பெரிய தீக்காயத்தில் அது அளவு மீறிச் சுரந்து மோனோசைட் வழியைத் தூண்டுகிறது என்று அதே ஆய்வுக் குழுவினர் காட்டினர். அதே சுரப்புதான் இதயத்தையும் வாரக்கணக்கில் வேகமாகத் துடிக்க வைத்து, தசையைக் கரைக்கிறது. “இதய நோயே இல்லாத பிள்ளைக்கு ஏன் இதய மாத்திரை கொடுக்கிறார்கள்?” என்று சிலர் அச்சத்தோடு கேட்பதுண்டு. அந்த மாத்திரை பெரும்பாலும், இந்தச் சுரப்பின் விளைவைத் தடுக்கும் புரோப்ரனோலால். கடுமையான தீக்காயம் பட்ட குழந்தைகளில் அது இதயத் துடிப்பையும் தசை இழப்பையும் குறைப்பதை 2001-இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டிய பிறகு, தீக்காய மருத்துவத்தில் அதற்கு ஓர் இடம் கிடைத்தது. எல்லோருக்கும் அது பொருந்தாது. குறிப்பாக ஆஸ்துமா உள்ளவர் என்றால் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தாளைப் படிக்கும் முறை

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். முதல் பக்கத்தில் காயம் பட்ட நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். அதற்குப் பின் வரும் ஒவ்வொரு தாளிலும் உள்ள எண்களை, நாட்காட்டித் தேதியோடு ‘காயம் பட்ட எத்தனையாவது நாள்’ என்பதையும் சேர்த்து, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டு வாருங்கள். தீக்காயத்தில் தனி எண் ஒன்றுக்கு மதிப்பு மிகக் குறைவு. நேற்றைக்கும் இன்றைக்கும் இடையிலான திசைதான் செய்தி. தாள்கள் வெவ்வேறு கூடங்களிலிருந்து வந்தால் அதையும் குறியுங்கள். பொறிக்குப் பொறி சிறு வேறுபாடு இருக்கும். சில கூடங்கள் ஆயிரத்திலும் சில கூடங்கள் லட்சத்திலும் எழுதும்.

தாளில் முதலில் வருவது டி.சி.; அடுத்து வருவதும் டி.சி. எங்கள் தொழிலில் தினமும் நடக்கும் குழப்பம் இது. ஆங்கிலத்தில் எழுத்து வேறு. நம் வாயில் இரண்டும் ஒன்றே. முதலாவது (TC) வெள்ளை அணுக்களின் மொத்த எண்ணிக்கை. வளர்ந்தவர்களுக்கு ஒரு கன மில்லிமீட்டரில் 4,000 முதல் 11,000 வரை இயல்பு. இரண்டாவது (DC), அந்த மொத்தத்தில் எந்த வகை அணு எத்தனை சதவீதம் என்ற பகுப்பு. அதில் ‘பி’ என்பது பாலிமார்ஃப், அதாவது நியூட்ரோஃபில். ‘எல்’ என்பது லிம்போசைட். ‘எம்’ என்பது மோனோசைட். ‘இ’ என்பது இயோசினோஃபில்.

சதவீதத்தை மட்டும் பார்ப்பதே மிகப் பெரிய தவறு. மொத்தத்தைச் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுத்து உண்மையான எண்ணிக்கையை எழுத வேண்டும். கற்பனையாக ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் நாள் அவருடைய மொத்தம் 14,000. பி 82, எல் 12, எம் 5, இ 1. நியூட்ரோஃபில் 11,480, மோனோசைட் 700. ஒன்பதாம் நாள் மொத்தம் 3,800. பி 48, எல் 36, எம் 14, இ 2. நியூட்ரோஃபில் 1,824, மோனோசைட் 532. மோனோசைட்டின் சதவீதம் ஏறத்தாழ மூன்று மடங்காகிவிட்டதால் அது பெருகியதுபோல் தோன்றுகிறது. உண்மையில் எண்ணிக்கை சற்றுக் குறைந்தே இருக்கிறது. நியூட்ரோஃபிலோ ஆறில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்துவிட்டது. இரண்டாம் நாள் ஒரு மோனோசைட்டுக்குப் பதினாறு நியூட்ரோஃபில் இருந்த இடத்தில், ஒன்பதாம் நாள் மூன்றரைதான் இருக்கிறது. லிம்போசைட் 12-இலிருந்து 36-ஆக ஏறியதும் அப்படித்தான். கணக்கிட்டால் 1,680 என்பது 1,368 ஆகக் குறைந்திருக்கிறது. “லிம்போ ஏறிடுச்சு” என்று மகிழ்ந்தோ பயந்தோ பயன் இல்லை.

நியூட்ரோஃபிலின் உண்மையான எண்ணிக்கை 1,500-க்குக் கீழே போனால் அது குறைபாடு. 500-க்குக் கீழே போனால் கடுமையான ஆபத்து. ஆனால் தீக்காயத்தில் 1,500 வரை காத்திருக்க வேண்டியதில்லை. உயர்ந்திருந்த எண் ஓரிரு நாளில் செங்குத்தாக விழுவதே கேள்வி கேட்கப் போதுமான காரணம். அந்த வீழ்ச்சிக்குப் பல விளக்கங்கள் இருக்கலாம்: நியூட்ரோஃபில்கள் புண்ணுக்குள் சென்று செலவாகின்றன, மஜ்ஜை களைத்திருக்கிறது, மேலே சொன்ன சாய்வு தொடங்கியிருக்கிறது, அல்லது மருந்தின் விளைவு. ரத்தத்தில் நாம் காண்பது மஜ்ஜையில் நடப்பதன் நிழல்தான் என்பதால், இவற்றில் எது என்பதை எண்ணை மட்டும் வைத்து யாராலும் சொல்ல முடியாது.

மருந்தின் விளைவு என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது, புண்ணின்மேல் தடவும் வெள்ளை நிறக் களிம்பான சில்வர் சல்ஃபாடையசின். அதைத் தடவத் தொடங்கிய இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்கு வெள்ளை அணுக்கள் குறைவதுண்டு. பெரும்பாலும் களிம்பைத் தொடர்ந்தாலும் எண்ணிக்கை தானே மீண்டும் ஏறிவிடுகிறது. ஆகவே களிம்பு எந்த நாளில் தொடங்கியது, எந்த நாளில் மாற்றப்பட்டது என்பதும் உங்கள் நோட்டில் இருக்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர் என்றால் முதல் நாளே சொல்ல வேண்டும்.

ஹீமோகுளோபினைப் பற்றி ஓர் எச்சரிக்கை. முதல் நாள் 17 என்று வந்தால் ‘ரத்தம் நிறைய இருக்கிறது’ என்று பொருள் அல்ல. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறியதால் மீதி ரத்தம் கெட்டியாகியிருக்கிறது என்று பொருள். குளுக்கோஸ், உப்பு நீர் ஏற்றிய பிறகு அது இறங்கும். வெள்ளை அணுக்களின் எண்ணும் அத்துடன் சற்று இறங்கும். இதனால் முதல் 48 மணி நேர எண்களை எழுதிவையுங்கள், ஆனால் அவற்றிலிருந்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். பின்வரும் வாரங்களில் சிவப்பணு உற்பத்தியும் மந்தமாகிறது; அதைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் ரத்தத்தில் போதிய அளவு இருந்தும் மஜ்ஜை அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. பெரிய தீக்காயத்தில் ரத்தம் ஏற்றச் சொல்வது இதனாலும்தான்; வெறும் இரும்புச்சத்து மாத்திரையால் இது தீராது.

தட்டணுக்களை, அதாவது பிளேட்லெட்டை, டெங்குவால் நம் ஊர்க்காரர்கள் நன்கு அறிவார்கள். தீக்காயத்தில் மூன்றாம் நாளை ஒட்டி அது தாழ்ந்து, பிறகு ஏறி, இரண்டு மூன்று வாரங்களில் இயல்பைவிட அதிகமாகவும் போகும். தாழ்வு அதன் வழக்கம். தாழ்ந்தது ஏறாமலே இருப்பது அல்லது ஏறியது மறுபடி விழுவதுதான் கெட்ட அறிகுறி. பப்பாளி இலைச்சாறு பிழிந்து கொண்டுவர வேண்டாம்.

காய்ச்சலையும் எண்களையும் சேர்த்துப் பார்த்தல்

பெரிய தீக்காயம் பட்டவரின் உடல் வெப்பநிலை தொற்று இல்லாமலே உயர்ந்து நிற்கும். நாடி வேகமாகவே துடிக்கும். வெள்ளை அணுவும் கூடியிருக்கும். மற்ற நோயாளிகளுக்குத் தொற்று என்று சொல்ல உதவும் அதே மூன்று அடையாளங்கள் இங்கே உதவாமல் போகின்றன. அதனால்தான் அமெரிக்கத் தீக்காய மருத்துவச் சங்கம் 2007-இல் தீக்காயத்துக்கென்றே தனி அளவுகோல்களை வகுத்தபோது வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையை அதில் சேர்க்கவில்லை. வளர்ந்தவர்களுக்கு அவை சொல்பவை இவை: வெப்பநிலை 102.2 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் அல்லது 97.7-க்குக் கீழ், நாடி 110-க்கு மேல் ஏறிக்கொண்டே போவது, மூச்சு நிமிடத்துக்கு 25-க்கு மேல் ஏறுவது, மூன்றாம் நாளுக்குப் பிறகு தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழ், சர்க்கரை நோய் இல்லாதவருக்கு ரத்தச் சர்க்கரை 200-க்கு மேல், வயிறு உப்புதல், எதுக்களித்தல், நிற்காத பேதி ஆகியவற்றால் 24 மணி நேரத்துக்கு மேல் உணவு செல்லாமை. இவற்றில் மூன்று சேர்ந்தால் தொற்று ரத்தத்தில் பரவியிருக்கலாம் என்று ஐயுற்று, மருத்துவர்கள் கிருமி வளர்ப்புச் சோதனையால் அதை உறுதி செய்கிறார்கள்.

உடன் இருப்பவர் இதில் செய்யக்கூடியது அதிகம். காய்ச்சல் இறங்கியதென்று நிம்மதி அடைவதற்கு முன், உடம்பு சில்லிட்டிருக்கிறதா, ஆள் குழப்பமாகப் பேசுகிறாரா, நேற்றுக் குடித்த கஞ்சியை இன்று ஒதுக்குகிறாரா, சிறுநீர் குறைந்ததா என்று பாருங்கள். கட்டு மாற்றும்போது பச்சை நிறமும் பழம் அழுகியது போன்ற இனிப்பு வாடையும் வந்தால் சூடோமோனாஸ் என்ற கிருமியாக இருக்கலாம். உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். மேலே சொன்ன சாய்வை எலிகளில் காட்டிய ஆய்வில் பயன்படுத்தியதும் அதே கிருமிதான். சுட்ட தோல் முதலில் ஏறத்தாழக் கிருமியின்றி இருக்கும். 48 மணி நேரத்துக்குள் மயிர்க்கால்களிலும் வியர்வைச் சுரப்பிகளிலும் தப்பிய கிருமிகள் பெருகத் தொடங்கும். ஐந்து முதல் ஏழு நாட்களில் குடலிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் பிறர் கைகளிலிருந்தும் வரும் கிருமிகள் குடியேறும். ஆகவே எண்களை மிக அணுக்கமாகப் பார்க்க வேண்டிய காலம் ஐந்தாம் நாளில் தொடங்குகிறது. பலர் நோட்டில் எழுதுவதை நிறுத்துவதும் அப்போதுதான்.

மஜ்ஜைக்கு உதவுவது

மஜ்ஜை சாய்வதற்குத் தீக்காயம் ஒரு காரணம், தொற்று மற்றொரு காரணம் என்றால், நம் கையில் இருப்பது இரண்டாவது. செத்த தோல் புண்ணின்மேல் கிடக்கும்வரை கிருமிக்கு அது விளைநிலம். அதைக் காத்திருக்காமல் மெல்லிய அடுக்குகளாகச் சீவி எடுத்து உடனே தோல் பதிக்கும் முறையை ஸ்லோவேனியாவைச் சேர்ந்த ஜோரா யான்ஷெகோவிச் என்ற மருத்துவர் 1970-இல் விளக்கி எழுதினார். இன்றைய தீக்காய அறுவை மருத்துவம் அதன்மேல் நிற்கிறது. மருத்துவர் அறுவை என்று சொன்னால், “புண்ணு தானா ஆறட்டும், இப்பவே எதுக்கு?” என்று பெரியவர்கள் தடுப்பதைக் கண்டிருக்கிறேன். அவர்களை மதித்து உட்கார வைத்து, செத்த தோலின் அடியில் நடப்பதைச் சொல்லுங்கள்.

பார்வையாளர்களைக் கட்டுப்படுத்துவது வடசென்னையில் எளிதான காரியம் அன்று. ஒருவர் விழுந்தால் தெருவே பேருந்து ஏறி வந்துவிடும். அன்பாகச் சொல்லி, வாசலிலேயே பேசி அனுப்பிவிடுங்கள். உள்ளே செல்லும் ஒருவர் சோப்பிட்டுக் கை கழுவி, மோதிரம், வளையல் கழற்றிவிட்டு, சளி இருமல் இல்லாதவராகச் செல்ல வேண்டும்.

உணவில் நம்மவர்கள் செய்யும் தவறு பத்தியம். முட்டை, மீன், பருப்பு தின்றால் சீழ் வைக்கும் என்று சொல்லி, இட்லியும் ரசம் சோறுமாகவே கொடுக்கிறார்கள். புதிய அணுக்களையும் புதிய தோலையும் புரதத்தால்தான் கட்ட முடியும். பெரிய தீக்காயம் பட்ட வளர்ந்தவருக்கு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு நாள்தோறும் 1.5 முதல் 2 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 90 முதல் 120 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. 100 கிராம் மீனில் 20 கிராம் அளவுக்கு இருக்கிறது. காசிமேட்டு மீன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, நோயாளிக்கு வெறும் ரசம் ஊற்றுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. சுறாப்புட்டு, முள் நீக்கிய குழம்பு மீன், அவித்த முட்டை, தயிர், வேகவைத்த சுண்டல் ஆகியவற்றைச் சிறு சிறு அளவாகப் பலமுறை கொடுக்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு மட்டும் அளவை மருத்துவர் சொல்ல வேண்டும். வாயால் போதிய அளவு உண்ண முடியாதவருக்கு மூக்குக் குழாய் வைக்கிறேன் என்றால் மறுக்காதீர்கள்.

வெள்ளை அணு குறைந்ததென்று அறிந்தவுடன், அதை ஏற்றும் ஊசியைப் போடச் சொல்லி வற்புறுத்துவோர் உண்டு. புற்றுநோய் மருந்தால் அணு குறைந்தவருக்குப் போடும் ஜி-சி.எஸ்.எஃப். ஊசி அது. தீக்காயத்தில் அது எல்லோருக்குமான மருந்து அன்று. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: குறைந்தது களிம்பாலா, தொற்றாலா? கிருமி வளர்ப்புச் சோதனை அனுப்பியாயிற்றா? எந்த நாளில் அடுத்த எண்ணிக்கை எடுப்பீர்கள்?

முதியவர்களையும் நெடுநாள் சர்க்கரை நோயாளிகளையும் பற்றி ஒரு வரி: இவர்களுக்குத் தொற்று வந்தாலும் வெள்ளை அணு ஏறாமல் போகலாம், இயல்பான எண்ணைக் கண்டு ஏமாறாதீர்கள்.

வீட்டுக்கு அனுப்பிய பிறகும் நோட்டை மூடிவிடக் கூடாது. பெரிய தீக்காயத்தின் தாக்கம் மாதக்கணக்கில் நீடிக்கிறது. புண் கழுவ லாரித் தண்ணீரையோ, மழை நாட்களில் கலங்கி வரும் குழாய்த் தண்ணீரையோ நேரடியாகப் பயன்படுத்தாமல், கொதிக்க வைத்து ஆறவைத்து, மூடிய பாத்திரத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாத சிறு திட்டு ஒன்று மீண்டும் ஈரமாகக் கசிந்தாலோ, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, மருந்துக்கடையில் மாத்திரை வாங்காமல் அன்றே அதே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள். புறநோயாளர் பிரிவில் அன்று அமர்ந்திருக்கும் மருத்துவர் உங்கள் நோயாளியை முன்பு பார்த்திராதவராக இருக்கலாம், அவருக்கு முதலில் தேவைப்படுவது கடைசியாக எடுத்த மூன்று எண்களும் அவற்றின் தேதிகளும்தான்.